டோபி காட் முதல் கெடா வரை: வி. சுந்தரமூர்த்தியும் சிங்கப்பூரில் காற்பந்து ஒரு தொழிலான வரலாறும்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பற்றி இதுவரை வெளிவந்துள்ள தமிழ்க் கட்டுரைகளை ஒருசேர வைத்து நோக்குவோமாயின், கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், தொழிற்சங்கங்கள், இதழ்கள், சீர்திருத்த இயக்கம் ஆகியன திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருப்பதைக் காணலாம். விளையாட்டு அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. இடம்பெறும்போதும், இன்னார் நாட்டிற்காக ஆடினார், இன்ன பதக்கம் பெற்றார் என்னும் பெருமைப் பட்டியலாகவே அது அமைந்துவிடுகிறது. ஆடியவர் எவ்வாறு பிழைத்தார், யாரிடம் ஊதியம் பெற்றார், எந்த ஊரில் வேலை தேடினார் என்னும் வினாக்களை நாம் கேட்பதில்லை. தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் துறைமுகத் தொழிலாளியைப் பற்றியும் முதலில் எழுப்பும் வினாக்கள் இவையே. காற்பந்தாட்டக்காரரிடம் மட்டும் இவற்றைக் கேட்கத் தயங்குவதற்கு ஏற்ற காரணம் எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வரதராஜு சுந்தரமூர்த்தி என்னும் சிங்கப்பூர்த் தமிழரின் ஆட்ட வாழ்வை அவ்வினாக்களின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965ஆம் ஆண்டில், அப்பிரிவிற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின்னர், அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தவர். அவரது ஆட்டத் திறன் பற்றி எவருக்கும் ஐயமில்லை. அத்திறனை விற்றுப் பிழைக்கத்தக்க தொழிற்களம் அவர் பிறந்த நாட்டில் எப்போது இருந்தது, எப்போது இல்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் பொருள்.

டோபி காட்டும் அதனைச் சூழ்ந்த திடல்களும்

தொழில் பற்றிய ஆய்வை டோபி காட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. 'டோபி' என்பது சலவைத் தொழிலாளரையும் 'காட்' என்பது நீர்த்துறையின் படிகளையும் குறிக்கும் இந்துஸ்தானிச் சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியாவிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கு ஓடிய பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவ்வோடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகப் பெரும்பாலும் தரைக்கடியில் ஓடுகிறது. துணி உலர்ந்த வெளியும் நகரமாகிவிட்டது. 1939இல் கேத்தே கட்டடம் எழுந்தது. 1987இல் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தொழிலின் பெயர் இடப்பெயராக நிலைத்துவிட்டது. அத்தொழிலைச் செய்தவர்களுள் ஒருவரது பெயரும் பொதுநினைவில் இல்லை. காற்பந்தாட்டக்காரர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் பெயரை ஊரே அறியும். அவர் செய்தது ஒரு தொழில் என்பதையோ ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டோபி காட்டைத் தொடக்கமாகக் கொள்வதற்கு நில அமைப்பு சார்ந்த காரணமும் ஒன்றுண்டு. 2003இல் வடகிழக்கு ரயில் தடமும் 2010இல் வட்டத் தடமும் இந்நிலையத்தோடு இணைக்கப்பட்டன. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா, அதாவது தேக்கா. அதற்கடுத்தது ஃபேரர் பார்க். வட்டத் தடத்தில் ஏறினால் ஐந்தாம் நிலையத்தில் காலாங் தேசிய விளையாட்டரங்கை அடையலாம். தமிழர் வாழ்ந்த பகுதியின் திடலையும் நாட்டின் பேரரங்கையும் ஒரே இடத்தில் இணைக்கும் சந்திப்பாக டோபி காட் அமைந்துள்ளது. எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதைப் பெற்று எல்லாத் திசைகளுக்கும் அனுப்பும் இந்நிலையத்தைப் போன்றதுதான் காற்பந்தில் மத்தியத் திடல் ஆட்டக்காரரின் பணியும்.

ஃபேரர் பார்க் 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக விளங்கியது. ரேஸ் கோர்ஸ் சாலை அதன் நினைவாகவே இன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. பந்தயம் புக்கித் தீமாவிற்கு மாறிய பின்னர் இவ்வெளி பொது விளையாட்டுத் திடலாயிற்று. அங்கிருந்து நடக்கும் தொலைவில் 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் உள்ளது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் எழும்வரை சிங்கப்பூரின் முதன்மைக் காற்பந்து அரங்கம் இதுவே. சிராங்கூன் சாலையின் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை முடித்தவர்கள் மாலையில் நடந்தே சென்று ஆட்டம் பார்க்கத்தக்க தொலைவு அது. பாலஸ்டியர் சாலைப் பகுதியில் 1923இல் தோன்றிய இந்தியர் சங்கம், இலங்கையர் விளையாட்டு மன்றம், சீக்கியரின் கால்சா சங்கம் ஆகியவற்றின் திடல்களும் அமைந்தன. அக்காலத்தில் சங்கங்கள் இன அடிப்படையில் அமைந்திருந்தமையால் தமிழ் இளைஞர் ஒருவர் பெரிய ஆட்டங்களுக்குள் நுழையும் வாயிலும் பெரும்பாலும் அவ்வழியிலேயே இருந்தது.

'அமெச்சூர்' என்னும் சொல்

சிங்கப்பூரின் காற்பந்து நிர்வாக அமைப்பு 1966ஆம் ஆண்டுவரை 'சிங்கப்பூர் அமெச்சூர் காற்பந்துச் சங்கம்' என வழங்கப்பட்டது. அவ்வாண்டில்தான் 'அமெச்சூர்' என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கியது. ஆயினும் நடைமுறை அத்துணை விரைவில் மாறிவிடவில்லை. ஊதியத்திற்கு ஆடுதல் இழுக்கு, ஆட்டத்தின்பால் கொண்ட அன்பினால் ஆடுதலே உயர்வு என்பது ஆங்கிலேய உயர்குடியினர் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டுவந்த கருத்து. பொருள் வளம் உடையோர்க்கு அது பொருந்தும். கூலிக்கும் சிறு சம்பளத்திற்கும் உழைத்த குடும்பத்து இளைஞனுக்கு அதன் பொருள் வேறு. ஆட்டத்தில் எத்துணைச் சிறந்தவனாயினும் வயிற்றுப் பாட்டிற்கு இன்னொரு வேலை தேட வேண்டும் என்பதே அது.

1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணப் போட்டி இக்கருத்தின் மீது எழுந்ததே. 'எச்.எம்.எஸ். மலாயா' என்னும் போர்க்கப்பலின் பெயரால் அளிக்கப்பட்ட அக்கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. 1967இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. சிங்கப்பூர் தனிநாடான பின்னரும் மலேசிய மாநிலங்களுள் ஒன்றைப் போல அப்போட்டியில் பங்கேற்றுவந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. சிங்கப்பூர் அக்கிண்ணத்தை மொத்தம் 24 முறை வென்றுள்ளது.

1977ஆம் ஆண்டு அணி இன்றும் பலராலும் நினைவுகூரப்படுகிறது. சூ செங் குவீ பயிற்றுவித்த அவ்வணி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வீழ்த்தியது. தற்காப்பின் தூணாகச் சமது அல்லாப்பிச்சை நின்றார். எஸ். ராஜகோபால் ஓரத் திடலிலிருந்து வளைத்து உதைத்த பந்துகள் எதிரணிக் கோல்காப்பாளர்களைத் திணறடித்தன. நடையின் காரணமாக இரசிகர்கள் அவருக்கு 'ஒட்டகம்' எனப் பட்டப்பெயர் இட்டிருந்தனர், பழிப்பன்று, செல்லம். நாட்டின் முழு அன்பையும் பெற்ற அத்தலைமுறையினருக்குக் காற்பந்து முழுநேர வாழ்வூதியமாக அமையவில்லை. காவல்துறை, ஆயுதப்படை, அரசு வாரியங்கள், தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றில் அக்கால ஆட்டக்காரர்கள் பணிபுரிந்தனர். 55,000 பேர் அமரும் அரங்கில் சனிக்கிழமை இரவு ஆடியவர் திங்கட்கிழமை காலையில் அலுவலகம் சென்றார். 'காலாங் முழக்கம்' பற்றி நெகிழ்ந்து எழுதுவோர் இத்திங்கட்கிழமையைக் கணக்கில் கொள்வதில்லை.

கதவு திறந்த விதம்

ஆட்டத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்டு வெளிநாடு சென்று வெற்றி கண்ட சிங்கப்பூரர்களுள் முதன்மையானவர் ஃபாண்டி அகமது. 1980இல் சிலாங்கூரை 2-1 என வென்று கிண்ணம் கொணர்ந்த அணியில் பதின்ம வயதிலேயே கோலடித்த அவர், 1982இல் இந்தோனீசியாவின் நியாக் மித்ரா குழுவிற்குச் சென்றார். அடுத்த ஆண்டில் நெதர்லாந்தின் கிரோனிங்கன் குழுவில் சேர்ந்து, இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராக ஐரோப்பியக் கிண்ணப் போட்டியொன்றில் கோலடித்தார். இதே காலத்தில் சிங்கப்பூர் 1982 முதல் 1984 வரை மலேசியக் கிண்ணப் போட்டியிலிருந்து விலகியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்கள் திரண்டு வந்து பார்க்கும் ஆட்டம் உள்நாட்டில் இல்லாதபோது சிறந்தவர்க்கு வெளிநாடே வழியாயிற்று.

சுந்தரமூர்த்தி நாட்டின் அணிக்குள் வந்தது இவ்விடைவெளிக் காலத்தில்தான். 1983 அளவில், பதின்ம வயதிலேயே, அவர் தேசிய அணியில் ஆடத் தொடங்கினார். அவ்வாண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடைபெற்றது. சிங்கப்பூர் காற்பந்தில் வெள்ளி பெற்றது. 1985இலும் 1989இலும் மீண்டும் வெள்ளியே கிட்டியது. முதலிரு முறையும் இறுதியில் தடுத்தது தாய்லாந்து. மூன்றாம் முறை மலேசியா. தங்கத்தின் வாயிலில் மும்முறை நின்று திரும்பிய தலைமுறை அது.

அவரது ஆட்டம் எத்தகையது? தாக்கும் மத்தியத் திடல் ஆட்டக்காரராகவும், ஓரத் திடலிலும், சில வேளைகளில் முன்வரிசையிலும் அவர் ஆடினார். ஓரிடத்தில் கட்டுண்டு நில்லாமல் பந்து இருக்குமிடம் தேடிச் சென்று, எதிராளியைத் தனியே எதிர்கொண்டு ஏய்த்துக் கடப்பது அவரது தனித்திறம். கண் கூசவைப்பவர் என்னும் பொருள்பட ஆங்கில நாளேடுகள் அவரை 'டாஸ்லர்' என்றழைத்தன. ஏய்த்துக் கடத்தலை வித்தை காட்டலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஒருவரைக் கடந்தால் எதிரணியில் மற்றொருவர் தம் இடம் விட்டு வந்து தடுக்க வேண்டியுள்ளது. அவ்வாறு வெறுமையான இடத்தில் தோழர் ஒருவர் தடையின்றி நிற்பார். மத்தியத் திடல் ஆட்டக்காரர் உண்டாக்குவது இந்த வெற்றிடத்தைத்தான். கோல் மற்றொருவர் பெயரில் எழுதப்படும்.

இங்கு வரலாற்றாய்வாளருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. பழைய ஆட்ட அறிக்கைகள் கோலடித்தவர் பெயரையும் நிமிடத்தையுமே பெரிதும் குறித்தன. முன்வரிசையாளரின் வாழ்வை எண்களால் எழுதிவிடலாம். மத்தியத் திடலாரின் வாழ்வைப் பார்த்தவர் நினைவிலிருந்தும் செய்தியாளரின் அடைமொழிகளிலிருந்தும் திரட்ட வேண்டியுள்ளது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் இன்று தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் கிடைக்கின்றன. அவற்றின் விளையாட்டுப் பக்கங்களை வரிசைப்படுத்தி ஆராயும் பணி மாணவர் ஒருவரது ஆய்வேட்டுக்கு ஏற்றது என்பதை இவ்விடத்திலேயே குறித்துவைக்கிறோம்.

பாசலும் கெடாவும்

எண்பதுகளின் பிற்பகுதியில் சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவிற்குச் சென்றார். பாசல் பெயர்பெற்ற குழுவாயினும் 1988இல் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவிற்கு இறங்கியிருந்தது. ஃபாண்டிக்குப் பின் ஐரோப்பியக் குழுவொன்றில் இடம்பெற்ற சிங்கப்பூரர் என்னும் வகையில் இது பெருஞ்செய்தியே. எனினும் அவ்வாழ்வு நெடுங்காலம் நீடிக்கவில்லை. அவர் தம் தொழிலை நிலைநிறுத்திக்கொண்டது ஐரோப்பாவில் அன்று. ஜொகூர் பாலத்தைக் கடந்து மலேசியாவின் வடகோடியில்.

மலேசியாவில் 1989இல் 'அரைத் தொழில்முறை' லீக் தொடங்கப்பட்டது. ஆட்டக்காரர்க்கு முறையான ஊதியம் அளிக்கும் ஏற்பாடு இதனால் உருவாயிற்று. மாநில அரசுகளும் அவற்றோடு தொடர்புடைய நிறுவனங்களும் அணிகளுக்குப் பொருளுதவி செய்தன. மாநிலத்தின் பெருமை காற்பந்தணியோடு பிணைக்கப்பட்டிருந்தமையால் செலவிடத் தயக்கமிருக்கவில்லை. சிங்கப்பூர் ஆட்டக்காரரோ மொழியும் உணவும் தட்பவெப்பமும் அறிந்தவர். அவரது திறனை மலேசிய இரசிகர் கிண்ணப் போட்டிகளில் நேரில் கண்டிருந்தனர். தேவையும் திறனும் இவ்வாறு சந்தித்தன. ஃபாண்டியும் மத்தியத் திடல் ஆட்டக்காரர் மாலிக் அவாப்பும் முன்னரே கோலாலம்பூர் அணிக்குச் சென்றிருந்தனர். அவ்வணி 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் கிண்ணத்தை வென்றது. மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்ற அணி ஒன்றே: கெடா.

எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலுமாகச் சுந்தரமூர்த்தி ஆடியது அந்தக் கெடா அணிக்குத்தான். நெல் விளையும் வடமாநிலம். அலோர் ஸ்டாரில் ஆட்டம். மூன்று முறை இறுதியில் தோற்ற ஏக்கம் ஊரெங்கும் நிறைந்திருந்த காலம். 1990இல் அந்த ஏக்கம் தீர்ந்தது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கெடா 3-1 என வென்றது. எதிரே தோற்று நின்றது சிங்கப்பூர்.

இம்முடிவை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். சிங்கப்பூர் பயிற்றுவித்த ஆட்டக்காரர்கள் கோலாலம்பூரையும் பகாங்கையும் கெடாவையும் வலுப்படுத்திய காலம் அது. நாட்டிற்காக ஆடும்போது வெள்ளிப் பதக்கம்; ஊதியத்திற்காக ஆடும்போது அண்டை மாநிலத்தின் சட்டை. இதனைப் பற்றின்மை எனக் குறைகூறியவர்கள் உண்டு. நம் பாட்டனார் தலைமுறை நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அதனை ஊர்ப்பற்றின்மை என நாம் கூறுவதில்லை. பிழைப்பு இருந்த இடத்திற்குச் சென்றனர் என்றே எழுதுகிறோம். காற்பந்தாட்டக்காரர்க்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன் என்பது விளங்கவில்லை. அதிலும் ஆட்டக்காரர்க்குக் காலம் மிகக் குறுகியது. பதினெட்டு வயதில் ஆண்மக்கள் அனைவர்க்கும் உரிய கட்டாயத் தேசிய சேவை. முப்பதைக் கடந்தால் கால்களின் தளர்ச்சி. இடையே எஞ்சும் பத்தாண்டுகளில் ஒருவர் தம் வாழ்நாள் முழுமைக்கும் பொருளீட்டியாக வேண்டும்.

1993, 1994, 1996

1993இல் சுந்தரமூர்த்தி சிங்கப்பூர் அணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு காலாங் அரங்கில் புருணைக்கு எதிராக அவர் அடித்த கோல் சிங்கப்பூர்க் காற்பந்தில் மிகுதியும் பேசப்படும் கோல்களுள் ஒன்று. கோலுக்கு முதுகு காட்டி, உடலை அந்தரத்தில் சாய்த்து, தலைக்கு மேல் பந்தை உதைத்துப் பின்புறமாக வலைக்குள் செலுத்தும் 'பைசிக்கிள் கிக்' அது. அக்காட்சியை நேரில் கண்டதாகக் கூறுவோரை எல்லாம் எண்ணினால் அரங்கின் 55,000 இருக்கைகள் போதா. அவ்வாண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டிய சிங்கப்பூர் 2-0 எனத் தோற்றது. வென்றது மீண்டும் கெடா.

அடுத்த ஆண்டு சிங்கப்பூர் லீக் பட்டத்தையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. 1994 டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4-0 என வீழ்த்திய ஆட்டத்தில் அபாஸ் சாட் மூன்று கோல்கள் அடித்தார், அணித்தலைவர் ஃபாண்டி. டக்ளஸ் மோர் பயிற்றுவித்த அந்த அணியில் சுந்தரமூர்த்தி இடம்பெறவில்லை. ஒரு தலைமுறையின் மிகத் திறமையான மத்தியத் திடல் ஆட்டக்காரர் எனப் பலராலும் கருதப்பட்டவர், அத்தலைமுறையின் பெருவெற்றியில் பங்கு பெறாது போனார். தொழில்முறை ஆட்டத்தின் இயல்பு இதுவே எனக் கூறலாம். ஆட்டக்காரரை இரசிகர் தெரிவு செய்வதில்லை. பயிற்றுநர் தெரிவு செய்கிறார். அப்பயிற்றுநர்க்கு ஒழுங்கமைவு முதன்மையாகப் படுமாயின், தம் விருப்பப்படி உலவி ஆடும் கலைஞருக்கு அங்கு இடமிராது.

1995இன் தொடக்கத்தில் நுழைவுச்சீட்டு வருவாய்ப் பங்கீடு குறித்த பிணக்கினால் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. ஆட்டமுடிவை விலைபேசும் குற்றங்கள் பற்றிய விசாரணைகள் இரு நாடுகளின் காற்பந்தையும் உலுக்கிய காலமும் அதுவே. இவற்றின் விளைவாக 1996இல் எட்டுக் குழுக்களைக் கொண்டு எஸ்-லீக் தொடங்கியது. சிங்கப்பூரில் சிங்கப்பூரர் ஊதியம் பெற்று ஆடத்தக்க முதல் தொழில்முறைப் போட்டி இதுவாகும். அப்போது சுந்தரமூர்த்திக்கு வயது முப்பது. அவரும் அதில் ஆடினார். பாசல், கெடா எனத் தேடிச் சென்ற தொழில் இறுதியில் வீட்டு வாசலுக்கு வந்தது. கால்களின் சிறந்த ஆண்டுகள் அதற்குள் கழிந்திருந்தன.

பயிற்றுநர்

ஆட்டக்காரர் வாழ்வை முடித்தபின் அவர் பயிற்றுநரானார். சிங்கப்பூர் 2012இல் 'லயன்ஸ் டுவெல்வ்' என்னும் இளைஞர் நிறைந்த அணியோடு மலேசிய லீக்கிற்குத் திரும்பியபோது அதன் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. முதல் ஆண்டில் இரண்டாமிடம். 2013 ஜூலை 2ஆம் நாள் ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைடெட் அணியை 4-0 என வென்று லீக் பட்டத்தை உறுதிசெய்தனர். தேக்காவின் அருகே, பழைய மலாயாக் கிண்ண ஆட்டங்கள் நடைபெற்ற அதே திடலில், மலேசிய லீக் பட்டம் வென்ற அணியின் பயிற்றுநராகத் தமிழர் ஒருவர் நின்றார். நம் வரலாற்று நூல்களில் இடம்பெறத்தக்க நாள் அது.

2016 மே முதல் 2018 ஏப்ரல் வரை அவர் தேசிய அணியின் பயிற்றுநராக விளங்கினார். அக்காலம் கடினமானது. 2016ஆம் ஆண்டுத் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2 என்னும் முடிவுகளோடு அணி குழுச் சுற்றிலேயே வெளியேறியது. 2017 ஜூனில் அர்ஜென்டினாவுடன் ஆடிய நட்பாட்டத்தில் 0-6 எனத் தோற்றது. 2019ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திற்கும் தகுதி பெறவில்லை. அவரது அணி மிகுதியும் தற்காப்பு நோக்கியே ஆடுகிறது என இரசிகர் குறைகூறினர். கண் கூசவைத்தவர் பயிற்றுவிக்கும் அணியில் கண் கூசும்படி எதுவுமில்லையே என்பது அவர்தம் வருத்தம்.

இதில் நாம் முரண்பாடு காணவில்லை. தம்மைப் போன்ற ஒருவர் அணியில் இருந்தால் பயிற்றுநர் அவரை நம்பித் தாக்கலாம். இல்லாதபோது, தோல்வி ஒவ்வொன்றும் பதவியை அசைக்கும் நிலையில், இருப்பதைக் காத்துக்கொள்வதே எஞ்சும் வழி. அத்தகைய ஒருவர் ஏன் இல்லை என்பது பயிற்றுநர் ஒருவரால் விடைகாணத்தக்க வினாவன்று. பள்ளிக் கல்வியின் நெருக்கடி, தேசிய சேவை, சிறு நாட்டில் சிறு லீக் தரத்தக்க ஊதியம், திடல்கள் குறைந்துவருதல் என அதற்கு விடை பல திசைகளில் விரியும். ஃபேரர் பார்க் திடல்களைச் சூழ்ந்தும் வீடமைப்புத் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அவ்விடத்தின் விளையாட்டு மரபில் ஒரு பகுதி பேணப்படும் எனத் திட்டம் கூறுகிறது.

பாலத்தைக் கடக்கும் வழக்கமும் நின்றபாடில்லை. 2013இல் சுந்தரமூர்த்தியின் லீக் வெற்றி அணியில் ஆடிய மத்தியத் திடல் ஆட்டக்காரர் ஹாரிஸ் ஹாருன், அதன்பின் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவிற்குச் சென்று பல ஆண்டுகள் லீக் பட்டங்கள் வென்றார். லயன்ஸ் டுவெல்வ் அணி 2015இன் இறுதியில் கலைக்கப்பட்டது. எஸ்-லீக் 2018இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் எனப் பெயர் மாறியது. 2020இல் முதன்முறையாகக் குழுவொன்று தனியார் உடைமையாகி 'லயன் சிட்டி செய்லர்ஸ்' என்னும் பெயர் பூண்டது. அதன்பின் உள்நாட்டில் அளிக்கப்படும் ஊதியம் பற்றிய பேச்சும் மாறியது.

அந்நிலையிலும் 2021ஆம் ஆண்டில், 1994இல் பிறந்த தமிழ் இளைஞரும் தேசிய அணியின் மத்தியத் திடல் ஆட்டக்காரருமான அனுமந்தன் குமார் ஒப்பந்தமாகிச் சென்ற குழு கெடா. சுந்தரமூர்த்தி ஆடிய அதே மாநிலம். இடையே முப்பது ஆண்டுகள். இம்முறை ஜொகூர் பாலம் கொள்ளைநோயின் காரணமாக மூடப்பட்டிருந்தது. வேலைக்குச் சென்றவர் விடுமுறைக்கு வீடு திரும்புவதும் எளிதாக இருக்கவில்லை.